லூசி வில்ஸ்

லூசி வில்ஸ் (மே 10, 1888 – ஏப்ரல் 1964) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும் குருதியியல் ஆய்வாளரும் ஆவார். கருவுற்ற பெண்களுக்கு ஏற்படும் ஒருவகைக் கடும் இரத்தச்சோகை உணவுக் குறைபாட்டால் வருவது என்பதையும், ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாகும் என்பதையும் இந்தியாவில் மேற்கொண்ட ஆய்வுகளின் மூலம் இவர் கண்டறிந்தார். அச்சாற்றில் இருந்த இனந்தெரியாத பொருள் "வில்ஸ் காரணி" என அழைக்கப்பட்டது. பின்னர் அது ஃபோலிக் அமிலம் (உயிர்ச்சத்து பி9) என அடையாளம் காணப்பட்டது. இவரது ஆய்வுக்களங்கள் பம்பாய், குன்னூர், சென்னை ஆகியனவாகும். இன்று அரசு மருத்துவமனைகளில் கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்படும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரையில் ஒரு பாதியின் வரலாறு இவரிடமிருந்து தொடங்குகிறது எனலாம்.

இளமையும் கல்வியும்

வில்ஸ் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். இவரது குடும்பத்தினர் அரிவாள் முதலிய வெட்டுக்கருவிகளைச் செய்யும் தொழில் நடத்தியவர்கள். அறிவியலில் ஆர்வம் உடையவர்கள். தந்தை அறிவியல் பட்டதாரி. தாய் ஒரு மருத்துவரின் மகள். அண்ணன் லியோனார்ட் வில்ஸ் பிற்காலத்தில் புகழ்பெற்ற நிலவியலாளர் ஆனார்.

செல்ட்னம் பெண்கள் கல்லூரியில் பயின்ற பின், கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் கற்றார். 1911 ஆம் ஆண்டில் தேர்வுகளை முடித்தார். எனினும் அவருக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948 ஆம் ஆண்டில்தான்.

அதே 1911 இல் தந்தையும், 1913 இல் தமக்கை ஈடித்தும் இறந்தனர். இதனை அடுத்துத் தாயுடன் இலங்கைக்குச் சென்றார். 1914 இல் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. கேப் டவுனில் சில வாரங்கள் தன்னார்வச் செவிலியராகப் பணிபுரிந்தார். நாடு திரும்பியதும், 1915 ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1920 இல் மருத்துவரானபோது அவருக்கு வயது 32.

இப்பள்ளிக்கும் சென்னைக்கும் பழைய தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1870களில் பயின்ற முதல் பெண்களுள் ஒருவரான மேரி சார்லீப் பின்னர் இப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். சென்னையில் அவர் தொடங்கி வைத்த மருத்துவமனைக்கே வில்ஸ் பின்னாளில் ஆய்வுக்காக வந்து சேர்ந்தார்.

படிப்பை முடித்த வில்ஸ் தனியாக மருத்துவத் தொழில் நடத்தவில்லை. ராயல் ஃபிரீ மருத்துவமனையின் வேதி நோயியல் பிரிவில் ஆய்வுப்பணியில் அமர்ந்தார்.

இந்தியாவிற்கு வருகை

1920களில் பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் பலர் கடுமையான இரத்தச்சோகையால் இறந்துகொண்டிருந்தனர். இந்தியாவில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் மார்கரெட் பால்ஃபோர் இதனை ஆராய்ந்து வந்தார். இவரது அழைப்பின் பேரில் வில்ஸ் 1928 ஆம் ஆண்டில் பம்பாய் வந்து, ஹாஃப்கின் நிறுவனத்தில் பேறுகால இறப்பு பற்றிய விசாரணையின் ஒரு பகுதியாக ஆய்வைத் தொடங்கினார். இதற்கு இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் (இன்றைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முன்னோடி) ஆதரவளித்தது.

இந்நோயில் குருதிச் செவ்வணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிடும். எஞ்சியவை அளவில் பெரிதாகக் காணப்படும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் செவ்வணுக்கள் சிறிதாகும் என்பதால் இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பது தெளிவு. பெரிதான செவ்வணுக்கள் காணப்படும் மற்றொரு நோய் அப்போது மேற்குலகில் நன்கு அறியப்பட்டிருந்தது. அது "கொடிய இரத்தச்சோகை" எனப்பட்டது. நாள்தோறும் பெருமளவு ஈரல் உண்ணக் கொடுத்தால் அந்நோய் தீரும் என்பதை 1926 இல் அமெரிக்கர்களான மைனாட், மர்ஃபி ஆகியோர் காட்டியிருந்தனர். பம்பாய்ப் பெண்களின் நோயும் அதுதானா, வேறா என்பதே வில்ஸ் முன் நின்ற கேள்வி.

பம்பாய் ஆய்வு

வில்ஸ் முதலில் நோய்த்தொற்றுக்கான சான்று உள்ளதா எனப் பார்த்தார். அது கிடைக்காததால், பெண்கள் என்ன உண்கின்றனர் என்பதைக் கவனித்தார். பல்வேறு வகுப்பினரின் உணவையும் நோயின் பரவலையும் ஒப்பிட்டபோது, காய்கறி, பழம், புரதம் ஆகியன மிகக் குறைந்த உணவை உண்ட ஏழைப் பெண்களிடமே நோய் மிகுதியாக இருந்தது. குறிப்பாக ஏழை முசுலிம் பெண்கள் உணவிலும் மிகப் பின்தங்கியிருந்தனர். நோய்க்கும் மிகுதியாக ஆளாயினர்.

ஆனால் இது தொடர்பைக் காட்டுகிறதே அன்றிக் காரணத்தை நிறுவவில்லை. வறியவர்களுக்கு உணவு மட்டுமா குறைவு? இடம், காற்று, ஓய்வு எல்லாமே குறைவுதான். எனவே உணவை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனை தேவைப்பட்டது.

பம்பாய்ப் பெண்களின் உணவில் இருந்த கூறுகளை அதே விகிதத்தில் கொண்ட உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்தார். கருவுற்ற எலிகளுக்குச் சோகை வந்தது. உணவில் ஈஸ்ட் சேர்த்தால் சோகை வரவில்லை. இது தெளிவான முடிவாகத் தோன்றியது. எனினும் பின்னர் இதில் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. எலிகளின் உடலில் இருந்த பேன்கள் பார்ட்டனெல்லா என்னும் நுண்ணுயிரைப் பரப்பியிருந்தன. அந்நுண்ணுயிரும் சோகையை உண்டாக்கக் கூடியது. ஆகவே எலிச்சோதனையைக் கொண்டு உணவுக் குறைபாட்டை நிறுவ முடியாமல் போனது. கூண்டில் இருந்த ஒரு பேன், மாதக்கணக்கான உழைப்பின் பொருளையே மாற்றிவிட்டது. உணவு பற்றிய சோதனைகளில் இத்தகைய குழப்பக் காரணிகள் எவ்வளவு எளிதாக நுழைந்துவிடும் என்பதற்கு மாணவர்களுக்குச் சொல்லத்தக்க நல்ல எடுத்துக்காட்டு இது.

குன்னூரும் சென்னையும்

1929 ஆம் ஆண்டில் வில்ஸ் தம் ஆய்வை நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திற்கு மாற்றி, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கிருந்தார். அப்போது அங்கு ஊட்டச்சத்து ஆய்வின் இயக்குநராக இருந்தவர் ராபர்ட் மெக்காரிசன். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டி, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டவர் இவர். கோதுமையும் பாலும் மிகுந்த வடமேற்குப் பகுதி உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன என்றும், அரிசியை மையமாகக் கொண்ட "மதராசி" உணவை உண்டவை மிகக் குறைவாக வளர்ந்தன என்றும் இவரது முடிவுகள் காட்டின. அன்றைய சென்னை மாகாணத்தில் எல்லோரும் அரிசி உண்டவர்கள் அல்லர் என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். கோவில்பட்டி சுற்றிய கரிசல் பகுதியின் அன்றாட உணவு கம்பும் சோளமும் கேழ்வரகும். நெல்லுச்சோறு விருந்து நாளைக்கு உரியது. "மதராசி உணவு" என்ற பெயரில் எலிக்கூண்டுக்குள் சென்றது அவர்களின் உணவு அன்று. வில்ஸின் பம்பாய் ஆய்வு இதனின்றும் வேறுபட்டது. அவர் ஒரு மாகாணத்தின் பொது உணவை எடுத்துக்கொள்ளாமல், நோயுற்ற பெண்கள் உண்மையில் உண்டது எது என்பதிலிருந்து தொடங்கினார்.

1931 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்த சாதி மற்றும் கோஷா மருத்துவமனையில் ஆய்வு செய்தார். ஆண் மருத்துவர்களிடம் செல்லாத பெண்களுக்காக 1885 இல் தொடங்கப்பட்ட மருத்துவமனை இது. இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயர் கொண்டிருப்பினும், சென்னை மக்கள் வாயில் இன்னமும் "கோசா ஆஸ்பத்திரி"தான்.

மார்மைட்

எலிகளுக்கு ஈஸ்ட் பயன்பட்டதால், அதனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வில்ஸ் முடிவு செய்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது மார்மைட். பீர் வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து தயாரிக்கப்படும் கரிய, உப்புச்சுவை மிக்க பசை இது. இங்கிலாந்தில் 1902 முதல் ரொட்டியில் தடவி உண்ணப்படுவது. ஈரல் சாறு விலை மிகுந்தது. மரக்கறி உணவினருக்கு ஏற்காதது. மார்மைட்டுக்கு இவ்விரு தடைகளும் இல்லை.

விளைவு வியப்பூட்டுவதாக இருந்தது. இத்தகைய சோகை குணமாகத் தொடங்குகையில், எலும்பு மச்சையிலிருந்து புதிதாக வெளிவரும் இளஞ்செவ்வணுக்களின் எண்ணிக்கை முதலில் சில நாட்களில் திடீரென உயரும். அதன் பிறகே மொத்தச் செவ்வணுக்கள் கூடும். மார்மைட் உண்ட பெண்களிடம் இவ்வுயர்வு தெளிவாகத் தெரிந்தது. சில நாட்களிலேயே அவர்களின் உடல்நிலையும் தேறியது. இம்முடிவுகளை வில்ஸ் 1931 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார்.

இதன் பின்னர் ரீசஸ் குரங்குகளுக்குப் பம்பாய் ஏழைகளின் உணவை ஒத்த உணவைக் கொடுத்து, அதே போன்ற சோகையை உண்டாக்கினார். பிலிமோரியா என்பவருடன் சேர்ந்து செய்த இவ்வாய்வு 1932 இல் வெளியானது. குரங்குகளின் சோகையும் மார்மைட்டால் தீர்ந்தது. சாகும் தறுவாயில் இருந்த ஒரு குரங்குக்கு வேறு வழியின்றி மார்மைட் கொடுக்க, அது பிழைத்துக்கொண்டதே எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. கதையாகச் சுவையானதுதான். ஆனால் கட்டுரைகள் வெளியான வரிசையைப் பார்த்தால் நோயாளிகள் முன்னும் குரங்குகள் பின்னும் வருகின்றன.

இன்றைய அளவுகோலில் பார்த்தால் இது முழுமையான மருத்துவச் சோதனை அன்று. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுக்கும் முறை அன்று வழக்கத்தில் இல்லை. அதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படும் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை 1948 இல்தான் வெளியானது. வில்ஸின் சோதனையில் ஒவ்வொரு நோயாளியின் முந்தைய நிலையே அவருக்கான ஒப்பீடு. மருந்தின் விளைவு மிகப் பெரிதாகவும் விரைவாகவும் இருக்கும்போது இம்முறை போதுமானது. விளைவு சிறிதாக இருந்திருந்தால் இம்முறை ஏமாற்றியிருக்கும்.

தூய சாறும் தூய்மையாக்கப்படாத சாறும்

மார்மைட்டில் குணமாக்கும் பொருள் எது என்பது தெரியவில்லை. அன்று அறியப்பட்டிருந்த உயிர்ச்சத்துகளுள் ஒன்றாகவும் அது இருக்கவில்லை. வில்ஸ் இங்கு மிக முக்கியமான ஒன்றைக் கவனித்தார். தூய்மையாக்கப்பட்ட ஈரல் சாறு "கொடிய இரத்தச்சோகை"யைத் தீர்த்தது. ஆனால் இப்பெண்களின் சோகையைத் தீர்க்கவில்லை. தூய்மையாக்கப்படாத ஈரல் சாறோ இதனையும் தீர்த்தது. அப்படியாயின் ஈரலில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருக்க வேண்டும்; தூய்மையாக்கும்போது அவற்றுள் ஒன்று நீங்கிவிடுகிறது.

1933 இல் இலண்டன் திரும்பிய வில்ஸ், 1937–38 இல் மீண்டும் பம்பாய் வந்தார். இம்முறை இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் பறக்கும் படகிலும் பயணம் செய்தார். குரங்குகளிடமும் நோயாளிகளிடமும் தொடர்ந்து செய்த ஒப்பீடுகளின் முடிவில், வெப்பநாட்டுப் பெருஞ்செவ்வணுச் சோகை "கொடிய இரத்தச்சோகை"யினின்றும் வேறுபட்ட நோய் என்பதை உறுதி செய்தார். ஈரலில் இருந்த மற்றொரு பொருள் உயிர்ச்சத்து பி12 என்பது 1948 இல் அது பிரித்தெடுக்கப்பட்ட பின்னரே தெரிந்தது. பொருளின் பெயர்கூடத் தெரியாத காலத்தில், யாருக்கு எது குணமளிக்கிறது, எது அளிக்கவில்லை என்பதை மட்டும் கொண்டு இரண்டையும் பிரித்தறிந்ததே வில்ஸின் பெரும் சாதனை என்று கூறலாம். மார்மைட் கதைக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை.

ஃபோலிக் அமிலமும் சுப்பாராவும்

1941 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், சினெல், வில்லியம்ஸ் ஆகியோர் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945 இல் லெடர்லே ஆய்வகத்தில் அது செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. வில்ஸ் தேடிய காரணி இதுவே என்பது பின்னர் தெளிவாயிற்று.

லெடர்லேயில் ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கியவர் யெல்லப்பிரகத சுப்பாராவ் (1895–1948). ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்த இவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். இவரது சகோதரர்கள் இருவர் ஸ்புரூ என்னும் குடல்நோயால் இறந்தனர். அந்நோயில் வரும் சோகையும் ஃபோலிக் அமிலத்தால் தீரக்கூடியது. 1923 இல் சுப்பாராவ் அமெரிக்கா சென்றுவிட்டார். வில்ஸ் இந்தியா வந்தது 1928 இல். நோயாளியிடமிருந்து தொடங்கிய தேடலும் வேதிக்கூடத்தில் முடிந்த தேடலும் சென்னையின் ஒரே திருவல்லிக்கேணியைத் தொட்டுச் சென்றுள்ளன என்பது வியப்பான தற்செயல்.

போர்க்காலமும் இறுதி ஆண்டுகளும்

இரண்டாம் உலகப்போரின் போது வில்ஸ் அவசரகால மருத்துவச் சேவையில் நோயியலாளராகப் பணிபுரிந்தார். 1944 ஆம் ஆண்டு சூலையில் ராயல் ஃபிரீ மருத்துவமனையின் மீது செருமனியின் வி-1 பறக்கும் குண்டு விழுந்து சிலர் உயிரிழந்தனர். சில நாட்களில் நோயியல் பிரிவின் பணி மீண்டும் தொடங்கியது. போர் முடிவதற்குள் அம்மருத்துவமனையின் முதல் குருதியியல் பிரிவை இவர் நிறுவியிருந்தார்.

உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்த அக்காலத்தில், கருவுற்ற பெண்களுக்கு வழக்கமாக இரும்புச்சத்து கொடுப்பது பயன் தருமா என்பதை அது கொடுக்கப்பட்டவர்களையும் கொடுக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இம்முடிவுகள் 1947 இல் வெளியாயின. அதே ஆண்டில் பணி ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பின் யமேக்கா, பிஜி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்குச் சென்று ஊட்டச்சத்தையும் சோகையையும் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்தார். இலண்டன் செல்சியில் தொழிற்கட்சி சார்பில் பத்தாண்டுகள் நகரமன்ற உறுப்பினராகவும் இருந்தார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மகிழுந்து ஓட்டிச் செல்லும் தகுதியில் இருந்தும் மிதிவண்டியில் பணிக்குச் செல்வதையே விரும்பியவர் என நினைவுகூரப்படுகிறார். 2019 மே 10 அன்று கூகுள் தன் முகப்பில் இவரது படத்தை வைத்துச் சிறப்பித்தது.

பிற்காலச் சோதனைகள்

ஃபோலிக் அமிலத்தின் மற்றொரு பயன் வில்ஸ் இறந்த பின்னர் உறுதியானது. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருவுற்ற நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடாவிடின் குழந்தை கடுமையான குறைபாட்டுடன் பிறக்கும். இத்தகைய குழந்தையை முன்பு கருவுற்றிருந்த 1,817 பெண்களைக் கொண்டு, 7 நாடுகளில் 33 மையங்களில் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு சோதனையை நடத்தியது. பெண்கள் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்: ஃபோலிக் அமிலம் பெற்றவர்கள், பிற உயிர்ச்சத்துகள் பெற்றவர்கள், இரண்டும் பெற்றவர்கள், இரண்டும் பெறாதவர்கள். 1991 இல் வெளியான முடிவின்படி, குறைபாடு நேர்ந்த 27 கருக்களில் 6 மட்டுமே ஃபோலிக் அமிலம் பெற்ற குழுக்களைச் சேர்ந்தவை, 21 பெறாதவை. இது 72 விழுக்காட்டுப் பாதுகாப்பு. பயன் ஐயமின்றித் தெரிந்ததால் சோதனை முன்னதாகவே நிறுத்தப்பட்டது. பிற உயிர்ச்சத்துகளால் அத்தகைய பயன் தெரியவில்லை.

ஃபோலிக் அமிலம் எல்லாச் சோகைக்கும் மருந்தன்று. பி12 குறைவால் வந்த சோகைக்கு இதனை மட்டும் கொடுத்தால், குருதி தேறியது போலத் தோன்றும். நரம்புச் சிதைவோ உள்ளே தொடர்ந்து நடக்கும். வில்ஸ் இரு நோய்களையும் வேறுபடுத்திக் காட்டியதன் பயன் இங்கே விளங்கும்.

தமிழகச் சிற்றூர்களில்

இந்தியாவில் 1970 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய ஊட்டச்சத்துச் சோகைத் தடுப்புத் திட்டத்தின் மூலம் கருவுற்ற பெண்களுக்கு இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரைகள் வழங்கப்பட்டன. 2018 இல் அறிவிக்கப்பட்ட சோகையற்ற இந்தியா திட்டத்தின்படி நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை 180 நாட்களுக்குத் தரப்படுகிறது.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் போன்ற கரிசல் ஊர்களுக்கும் இந்த மாத்திரை கிராம சுகாதாரச் செவிலியர் வழியாகவே வந்து சேர்கிறது. இப்பகுதியில் மானாவாரியாக விளையும் உளுந்தும் பாசிப்பயறும் ஃபோலேட் செறிந்தவை. மழைக்காலத்தில் புஞ்சையில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை முதலியனவும் உண்ணப்பட்டு வந்தவை. ஆனால் ஃபோலேட் வெப்பத்தால் அழியக்கூடியது. நீரிலும் கரைந்து போவது. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் அதன் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடும். கீரை கிடைப்பதும் மழையைப் பொறுத்தது. கருவுற்றிருக்கும்போது உடலின் தேவை மிகுவதால் உணவை மட்டும் நம்பியிருக்க மருத்துவர்கள் அறிவுறுத்துவதில்லை.

மாத்திரை கைக்கு வந்தாலும் பலர் அதனை முழுமையாக உண்பதில்லை. இரும்பினால் குமட்டலும் மலச்சிக்கலும் ஏற்படுகின்றன. மலம் கருநிறமாக மாறுவதைக் கண்டு அஞ்சி நிறுத்துபவரும் உண்டு. 2019–21 இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52.2 விழுக்காட்டினருக்குச் சோகை இருந்தது. இதில் இரும்புக் குறைவின் பங்கே பெரிது என்று கருதப்படுகிறது. வில்ஸ் பம்பாயில் கண்ட, செவ்வணுக்கள் பெருத்த அந்தக் கடும் சோகைக்கு மருந்து, அதே மாத்திரையினுள் 500 மைக்ரோகிராம் அளவில் இருக்கிறது.